செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: படகில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. கரையோரத்தில் என்றால் எரிச்சலோடு போய்விடும். அலை உடையும் இடத்துக்குப் பக்கத்தில் என்றால் பயம் வரும். அந்தப் பயத்தில்தான் கை சாவியை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே முதல் வேலை எஞ்சினில் இல்லை. நங்கூரத்தைப் போடுங்கள். படகு கரைக்கோ பாறைக்கோ அடித்துப் போகிறது என்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உதவி கேளுங்கள். இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554.

செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு தடவைக்கு 5 முதல் 10 விநாடி, பிறகு சற்று ஓய்வு என்றுதான் கையேடுகள் பொதுவாகச் சொல்கின்றன. மீறினால் மோட்டார் சூடேறும், பேட்டரி இறங்கும். சுற்றுகிறது என்பதாலேயே பேட்டரிக்குக் குறையில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. கணினிக் கட்டுப்பாடு உள்ள புதிய எஞ்சின்களில், சுற்றும் நேரத்தில் மின்னழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால் பொறியும் வராது, பெட்ரோலும் தெளிக்காது. முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பையும் பச்சையையும் முதலில் சுரண்டுங்கள்.

அடுத்த தவறு, சின்ன விஷயங்களைப் பார்க்காமலே எஞ்சின் மூடியைக் கழற்றுவது. படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் ஓட்டுநரின் கையிலோ இடுப்பிலோ மாட்டும் சிவப்புக் கயிற்றின் கிளிப் தன் இடத்தில் இல்லையென்றால், பல மாடல்களில் எஞ்சின் சுற்றும், பொறி மட்டும் வராது. டீசல் எஞ்சினில் அணைப்பதற்காக இழுத்த குமிழை உள்ளே தள்ள மறந்திருப்பார்கள். மெக்கானிக் வந்து இதைக் கண்டுபிடித்தால் கூலியும் கேட்பார், சிரிப்பார் வேறு.

டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழை அவசரத்தில் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். நிறையச் சேதி சொல்லும் பொருள் அது. அதன்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்குமாறு நிமிர்த்திப் பிடித்து, கல்லாக இறுகும்வரை அமுக்குங்கள், இறுகியதும் நிறுத்துங்கள். எவ்வளவு அமுக்கினாலும் இறுகவில்லை என்றால் டேங்க் காலியாக இருக்க வேண்டும், அல்லது எங்கோ காற்று நுழைகிறது. குழாயை எஞ்சினில் செருகும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். குமிழ் அமுங்கியபடியே சப்பிப்போய் நின்றால் டேங்க் பக்கம் அடைப்பு. பெரும்பாலும் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள்.

பெட்ரோல் வருகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றதும் சோக்கை இழுத்துவைத்துக்கொண்டு மறுபடி மறுபடி சுற்றுவது இன்னொரு வழக்கம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் உள்ளே பெட்ரோல் மிதமிஞ்சிவிட்டது, அல்லது பொறி இல்லை. சோக்கைத் தள்ளிவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்க, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து சில விநாடி சுற்றுங்கள், பிடித்தவுடன் குறைத்துவிடுங்கள். பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. அப்போது பிளக்கை மாற்றிப் பயனில்லை. பொறி வருகிறதா என்று பார்க்க, திறந்த பிளக் ஓட்டைக்குப் பக்கத்திலேயே பிளக்கைப் பிடித்துச் சுற்றுபவர்கள் உண்டு. ஓட்டையிலிருந்து பீச்சும் பெட்ரோல் ஆவியில் அந்தப் பொறி விழுந்தால் தீதான். கடலில் இந்தச் சோதனை வேண்டாம். புதிய பிளக்கைப் போட்டுப் பார்ப்பதே மேல்.

குமரியிலும் கேரளத்திலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகளுக்குத் தனி வியாதி ஒன்று உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அணைப்பதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட வேண்டும். கரை வந்த களைப்பில் மண்ணெண்ணெயிலேயே அணைத்துவிட்டால், மறுநாள் விடியற்காலையில் கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்பது மண்ணெண்ணெய். குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. தோள் வலிக்கக் கயிறு இழுப்பதை விட்டுவிட்டு, கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி வடித்து, பெட்ரோலை நிரப்பினால் போதும்.

பழைய பெட்ரோலை நம்புவதும் கூடாது. பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நீரை இழுக்கும்; நீர் அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். வடிகட்டியில் உள்ளதை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால் அடியில் தனி அடுக்கு தெரிந்துவிடும்.

டீசல் எஞ்சினில் புகையைக் கவனியுங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கும். வடிகட்டியில் தொடங்கி பம்ப் வரை வரிசையாகத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள். கடைசியில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் குழாயைத் தளர்த்தும்போது அங்கே விரல் வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எஞ்சினைப் பிடிக்கவைக்க ஈதர் ஸ்பிரே அடிப்பது இன்னும் மோசம். சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் உள்ள எஞ்சினில் அது வெடிக்கும்.

எல்லாவற்றிலும் அதிகச் செலவு வைக்கும் தவறு, புகைக்குழாயில் கடல்நீரைக் கலந்து வெளியேற்றும், படகினுள் பொருத்திய எஞ்சின்களில் நடப்பது. எஞ்சின் பிடிக்காவிட்டாலும், சுற்றும்போதெல்லாம் பம்ப் கடல்நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை இல்லை. சைலன்சர் நிரம்பி, நீர் பின்வாங்கிச் சிலிண்டருக்குள் இறங்கும். நீர் அமுங்காது, அடுத்த சுற்றில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அதனால் இரண்டு மூன்று முயற்சி பலிக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள், சைலன்சரில் வடிதிருகு இருந்தால் வடித்துவிடுங்கள், எஞ்சின் பிடித்த அந்த நொடியே வால்வைத் திறந்துவிடுங்கள். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று டக்கென நின்று அசைய மறுத்தால் சாவியைத் தொடாதீர்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உப்பு அன்றிரவே சிலிண்டரில் துருவைத் தொடங்கிவிடும்.