அறிவியல் சிறுகதைக்கு விமர்சனம் எழுத ஒரு எடை மேடைக்காரனின் வழி

நாமக்கல் பக்கம் ஒரு எடை மேடையில் பதினெட்டு வருடமாக ராத்திரி ஷிப்ட் பார்க்கிறேன். பன்னிரண்டு மணிக்கு மேல் லாரி வரத்து குறைந்துவிடும். அந்த நேரத்தில் தூக்கம் வராமலிருக்க அறிவியல் புனைகதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் அவற்றைப் பற்றி எழுதும் ஆசையும் வந்துவிட்டது. முதல் கட்டுரையை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். "தப்புகளின் பட்டியல் நன்றாக இருக்கிறது. விமர்சனம் எங்கே?" என்று ஒரு வரியோடு திரும்பி வந்தது. ரோஷம் வந்தது. ஆனாலும் அந்த ஆசிரியர் கேட்டது நியாயம்தான் என்று புரிய ஒரு வருடம் ஆனது. இப்போது எப்படி எழுதுகிறேன் என்பதை, அன்று நான் சொதப்பிய அதே கதையை வைத்தே சொல்கிறேன்.

டாம் காட்வின் எழுதிய 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' (ஈவிரக்கமில்லாத கணக்குகள் என்று சொல்லலாம்), 1954 ஆகஸ்டில் 'அஸ்டவுண்டிங்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில் வந்தது. ஒரு சின்ன அவசரக் கப்பல், வோடன் என்ற கிரகத்தில் காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோகிறது. பார்ட்டன் என்ற ஒரே ஒரு விமானி. போய் இறங்க எவ்வளவு எரிபொருள் வேண்டுமோ அவ்வளவுதான் ஏற்றியிருக்கிறார்கள். அதே கிரகத்தில் வேலை செய்யும் அண்ணனைப் பார்க்கும் ஆசையில் மேரிலின் என்ற பதினெட்டு வயதுப் பெண் யாருக்கும் தெரியாமல் ஏறி ஒளிந்திருக்கிறாள். அவள் எடையோடு கப்பல் தரையிறங்க முடியாது. விமானி செத்தால் கப்பலை இறக்க ஆளில்லை, நோயாளிகளும் பிழைக்க மாட்டார்கள். கடைசியில் அவள்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது, காற்றில்லாத வெளிக்கு.

முதல் தடவை படிக்கும்போது பேனாவைத் தொடாதீர்கள். கதை உங்களை அழவைத்தால் அழுங்கள், கடுப்பேற்றினால் திட்டுங்கள். எந்த இடத்தில் அது நடந்தது என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். எனக்கு அது, தப்பு செய்துவிட்டோம், அபராதம் கட்டினால் போதும் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கும் இடம்.

இரண்டாவது தடவை படிக்கும்போது, நம் உலகத்தில் இல்லாத எந்த ஒரு பொருள் அல்லது ஏற்பாடு இந்தக் கதையைத் தாங்குகிறது என்று தேடுங்கள். டார்கோ சுவின் என்ற விமர்சகர் 1970-களில் இதை 'நோவும்' என்று அழைத்தார். புதியது என்று பொருள்படும் லத்தீன் சொல். தமிழ்க் காதுக்கு வலிக்கும் என்று கேட்கிறது, பெரும்பாலும் கதை வலிக்கிற இடமும் அதுதான். இந்தக் கதையில் அது விண்கப்பலா? இல்லை. விண்கப்பல் எல்லாக் கதையிலும் வரும். சொட்டுக் கணக்கில் எரிபொருள் ஊற்றி அனுப்பும் ஏற்பாடுதான் இங்கே புதியது. இதைத் தப்பாகப் பிடித்தால் கட்டுரை முழுக்க வேறு எங்கோ போய்விடும், ஜாக்கிரதை.

இனி வருவதுதான் முக்கியமான வேலை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு டிரைவர். முட்டை லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு வந்தார். சீட்டு அச்சாகும்வரை சும்மா நிற்கிறாரே என்று இந்தக் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஏனுங்கண்ணே, கிளம்பறப்பவே எடை போட்டிருக்க மாட்டாங்களா?" என்றார்.

ஆடிப்போனேன். க்ளீனர் பையன் இறங்காமல் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தால் என் திரையில் ஐம்பது, அறுபது கிலோ கூடுதலாக நிற்கும். வெறும் வண்டியையும் லோடு வண்டியையும் பார்ப்பதே என் பிழைப்பு. எனக்கே தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அன்றிலிருந்து எந்தக் கதையானாலும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுவிடுவேன். இடது பக்கம் இயற்கை போட்ட விதி. வலது பக்கம் மனிதர்கள் போட்ட விதி. இந்தக் கதைக்கு இடது பக்கத்தில் ஒரே வரிதான் வந்தது: எடை கூடினால் வேகத்தைக் குறைத்து இறக்க அதிக எரிபொருள் வேண்டும். வலது பக்கம் நிரம்பி வழிந்தது. கையிருப்பாகக் கொஞ்சம்கூட எரிபொருள் வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? கதவுக்கு ஒரு பூட்டு போடாதது யார்? அனுமதியில்லாதவர் வரக் கூடாது என்று மட்டும் பலகையில் எழுதிவிட்டு, மீறினால் உயிர் போகும் என்று எழுதாமல் விட்டது யார்? கிளம்புமுன் அந்தச் சாமான் அறையைத் திறந்து பார்க்காதது யார்? இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒளிந்து ஏறியவரைக் கண்டதும் வெளியே தள்ள வேண்டும் என்று சட்டப் பிரிவே இருக்கிறது, பத்தி எண்ணோடு. சட்டம் எழுத நேரம் இருந்திருக்கிறது, பூட்டு வாங்கத்தான் நேரமில்லை.

இங்கே நின்றுவிட்டால் மறுபடியும் அதே தப்புப் பட்டியல்தான். நான் முதலில் எழுதிய கட்டுரையில் கதையின் இன்னொரு ஓட்டையையும் பிடித்திருந்தேன். சாமான் அறையில் ஆள் இருந்தால் உடல் சூட்டைக் காட்டும் கருவியின் முள், கப்பல் கிளம்பும்போது பூஜ்யத்தில் இருக்கிறது, ஒரு மணி நேரம் கழித்துத்தான் நகர்ந்திருக்கிறது. அவள் அப்போதே உள்ளேதானே இருந்தாள் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். உண்மைதான், ஆனால் அதைச் சரிசெய்தாலும் கதை மாறாது. அதனால் வெட்டிவிடலாம். பூட்டைப் போட்டுப் பாருங்கள், கதையே இருக்காது. அப்படிப்பட்ட ஓட்டையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டு, அதை மறைத்ததால் கதைக்கு என்ன லாபம் என்று கேளுங்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, கணக்கு கொன்றது என்று கதை சொல்கிறது. வலது பக்க வரிகளையெல்லாம் இடது பக்கத்துக்குத் தள்ளினால்தான் அப்படிச் சொல்ல முடியும். இந்த இரண்டு வாக்கியங்கள்தான் என் விமர்சனம். மற்றதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுக்கும் கம்புகள்.

அடுத்து, கதை எந்த இதழில், யார் ஆசிரியராக இருந்தபோது வந்தது என்று பாருங்கள். சும்மா தகவலுக்காக இல்லை. 'அஸ்டவுண்டிங்' ஆசிரியர் ஜான் கேம்பெல். காட்வின் அந்தப் பெண்ணைக் காப்பாற்றக் காப்பாற்ற, கேம்பெல் கதையைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். ஆக, அவள் சாவு இயற்பியலின் முடிவு இல்லை, ஆசிரியர் மேஜையில் எடுத்த முடிவு. என் வலது பக்கப் பட்டியலில் கடைசி வரியாக இது போய் உட்கார்ந்துகொண்டது. இதே முடிச்சை வைத்து 1952-இல் 'வியர்ட் சயின்ஸ்' என்ற காமிக்ஸில் 'எ வெய்ட்டி டிசிஷன்', அதாவது கனமான முடிவு, என்று ஒரு கதை வந்திருந்தது. தலைப்பிலேயே எடை இருக்கிறது, பாருங்கள்.

பிறகு, மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆனால் உங்கள் தாளை நிரப்பிய பிறகு மட்டும். கோரி டாக்டரோ என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் 2014-இல், அந்தத் துறைக்கான 'லோகஸ்' இதழில் இந்தக் கதையைப் பற்றி எழுதியபோது, இது எழுத்தாளரும் ஆசிரியரும் சேர்ந்து வைத்த பொறி என்றுதான் வாதாடினார். நான் தாளை நிரப்பியதற்குப் பிறகு அதைப் படித்ததால் சந்தோஷப்பட்டேன், முன்பே படித்திருந்தால் காப்பியடித்திருப்பேன். இந்தத் துறையில் இன்னொரு வசதி, கதைக்குக் கதையாலேயே பதில் சொல்வார்கள். டான் சேக்கர்ஸ் 1991-இல் எழுதிய 'தி கோல்ட் சொல்யூஷன்' கதையில் கை கால்களை வெட்டி எடையைக் குறைத்துவிடுவார்கள். கொடூரம்தான், ஆனால் கணக்கு சரி.

இவ்வளவு குறை சொன்ன பிறகு கதையின் பக்கம் நின்றும் ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும். அந்த இதழின் வாசகர்கள், கடைசிப் பக்கத்தில் ஒரு கெட்டிக்கார இன்ஜினியர் வழி கண்டுபிடித்துவிடுவார் என்று பழகிப்போனவர்கள். அவர்கள் முன்னால் வழியே இல்லை என்று ஒருவர் சொன்னார். 1970-இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பழைய கதைகளின் தொகுப்பில் இதற்கும் இடம் கிடைத்தது. பூட்டில்லாத கதவு தெரிந்த பிறகும் அபராத இடம் என்னைக் குத்துகிறது. அதையும் எழுதினேன்.

எழுதும்போது சில சின்ன விஷயங்கள். கதைச் சுருக்கம் கால் பங்கைத் தாண்டக் கூடாது. முடிவை மறைக்காதீர்கள், முடிவைச் சொல்லாமல் விமர்சனம் எழுதுவது லோடைப் பார்க்காமல் சீட்டு கிழிப்பது மாதிரி. 'விறுவிறுப்பான நடை', 'சிந்திக்க வைக்கிறது' இரண்டையும் கண்டால் அடித்துவிடுங்கள். முதல் வரியைக் கடைசியில் எழுதுங்கள். நான் அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதியபோது முதல் வரிக்கு நான்கு ராத்திரி ஆனது. கடைசியில் டிரைவர் கேட்டதையே திருப்பிப் போட்டேன்: "இந்தக் கதையில் எடை மேடை இல்லை." அதே சிற்றிதழுக்குத்தான் அனுப்பினேன். இந்தத் தடவை போட்டார்கள்.