பிள்ளைக்கு எல்எல்ஆர் டெஸ்ட்டா? மலை ரோட்டுப் பழக்கத்த கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு படிக்க வைங்க

பசங்களுக்கு பதினெட்டு கிட்ட வந்தாலே வீட்டுல லைசன்ஸ் பேச்சு ஆரம்பிச்சிரும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒரு பஸ்ஸ விட்டா அடுத்ததுக்கு எவ்ளோ நேரம் நிக்கணும்னு நமக்கே தெரியும், அதனால அவங்க அவசரத்தையும் குத்தம் சொல்ல முடியாது.

மொதல்ல வயசு. 16 ஆனாலே எல்எல்ஆர் (பழகுனர் லைசன்ஸ்) போடலாம்னு யாராவது சொல்லுவாங்க, போடலாம் தான், ஆனா கியர் இல்லாத 50 சிசிக்குள்ள இருக்கற வண்டிக்கு மட்டும், அதுக்கும் பெத்தவங்க கையெழுத்து வேணும். இன்னிக்கு கடையில நிக்கிற எக்ஸ்எல்லே 100 சிசி, ஸ்கூட்டர் எல்லாம் 110, 125. அப்புறம் அந்த எல்எல்ஆர வெச்சு எத ஓட்டறது? 18 வரைக்கும் பொறுங்க. நடுவுல "பக்கத்து கடைக்கு தானே"னு சாவிய மட்டும் குடுத்துறாதீங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மைனர் ஓட்டி மாட்டுனா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபா அபராதமும் 3 வருஷம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு, பிள்ளைக்கும் 25 வயசு வரைக்கும் லைசன்ஸ் கெடைக்காது.

இப்ப டெஸ்ட். கம்ப்யூட்டர்ல கேள்வி வரும், கீழ இருக்கற பதில்கள்ல ஒண்ண தொடணும், 60 சதவீதம் சரியா இருந்தா பாஸ். தமிழ்லயே எழுதலாம். இங்லீஷ் மீடியம் பசங்க கூட சில பேருக்கு தமிழ் தான் சுலபமா இருக்கும், ஆனா அந்த தமிழ் கொஞ்சம் ஆபீஸ் தமிழா இருக்கும்ங்கறதால அரசாங்கத்தோட பரிவாகன் சாரதி சைட்ல இருக்கற மாக் டெஸ்ட்ட ரெண்டு மொழியிலயும் போட்டு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணட்டும்.

நம்ம மலைப் பசங்க எங்க தடுமாறுவாங்கன்னா, சின்ன வயசுல இருந்து முன் சீட்ல உக்காந்து பாத்தத எல்லாம் ரூலுன்னு நெனச்சிட்டு இருப்பாங்க. வளைவுல ரெண்டு ஹாரன் அடிச்சிட்டு ஓவர்டேக் பண்றது, எதுக்க வர்றவன் கைய ஆட்டுனா போறது, இதெல்லாம் இங்க தினமும் நடக்குது. பரீட்சையில வளைவுல, குறுகலான பாலத்துல, முன்னாடி ரோடு தெரியாத எடத்துல ஓவர்டேக் கூடவே கூடாது, ஹாரன் அடிச்சாலும் கூடாது. பின்னாடி வர்றவன் நம்மள தாண்டும்போது நாம ஸ்பீட ஏத்தவும் கூடாது.

அதே மாதிரி நம்ம பசங்களுக்கு அல்வா மாதிரி ஒரு கேள்வி இருக்கு. ஏத்தத்துல வர்ற வண்டிக்கும் எறக்கத்துல வர்ற வண்டிக்கும் ரோடு பத்தலைன்னா யார் வழி விடணும்? எறங்கறவங்க தான் ஓரமா நிறுத்தி ஏர்றவங்கள விடணும். வார லீவுக்கு மேல வர்ற ஆளுங்கள்ல பாதி பேருக்கு இது தெரியாதுன்னு நம்ம மலை ரோட்டுல ஒரு நாள் நின்னா புரியும். சரிவுல பார்க்கிங்: ஹேண்ட் பிரேக் போட்டது போக, மேல் பாத்து நின்னா ஃபர்ஸ்ட் கியர், கீழ பாத்து நின்னா ரிவர்ஸ் கியர். பனிமூட்டத்துக்கு ஃபாக் லேம்ப்.

போர்டுங்கள புக்க வெச்சு மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் எறங்கும்போது ஜன்னல் ஓரமா உக்கார வெச்சு கேளுங்க. 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அதுக்குள்ள பாதி சிலபஸ் முடிஞ்சிரும். சிவப்பு பார்டர் முக்கோணம்னா எச்சரிக்கை: ஹேர்பின், செங்குத்து எறக்கம், கல் விழற எடம், வழுக்கற ரோடு. வட்டம்னா கட்டளை, மீறுனா ஃபைன். நீலத்துல செவ்வகம் வெறும் தகவல். இதுல பசங்க மாட்டிக்கறது ரெண்டு எடத்துல. ஒண்ணு, வட்டத்துல ஒரே ஒரு குறுக்கு கோடு இருந்தா பார்க்கிங் கூடாது, பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கோடு இருந்தா நிறுத்தவே கூடாது. இன்னொண்ணு, நீல வட்டத்துல ஹாரன் படம்னா அடிச்சே ஆகணும், சிவப்பு வட்டத்துல குறுக்க கோடு போட்ட ஹாரன்னா அடிக்கக்கூடாது.

ரயில் கேட்டும் வரும். போர்டுல கேட் படம் போட்டிருந்தா ஆள் இருக்கற கிராஸிங், இஞ்சின் படம்னா ஆள் இல்லாதது. ஆள் இல்லாத எடத்துல வண்டிய நிறுத்தி, எறங்கி, தண்டவாளம் கிட்ட போய் ரெண்டு பக்கமும் பாத்துட்டு தான் தாண்டணும், "ஹாரன் அடித்து வேகமாகக் கடக்க வேண்டும்"னு ஒரு பதில் ஆச காட்டிட்டு நிக்கும், தொடாதீங்க. ரவுண்டானாவுல வலது பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு மொதல்ல வழி, ஊட்டி சேரிங் கிராஸ்ல அந்த ஃபவுண்டன காட்டியே சொல்லிக் குடுத்துரலாம். விபத்துல ஆளுக்கு அடின்னா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும், 24 மணி நேரத்துக்குள்ள போலீஸுக்கு சொல்லணும். கை சிக்னல், மினுக்கற சிவப்பு லைட் (நின்னு பாத்துட்டு போகணும்), மினுக்கற மஞ்சள் (மெதுவா போகணும்) இதையும் ஒரு தடவ பாத்துக்கட்டும்.

ஃபீஸ் ஒவ்வொரு வகை வண்டிக்கும் 150, டெஸ்ட்டுக்கு 50, மேல சர்வீஸ் சார்ஜ். பைக்கும் காரும் சேத்தே போட்டுருங்க. ஆதார்ல இருக்கற போன் நம்பர் இப்ப கையில இருக்கற நம்பர் தானான்னு மொதல்ல பாருங்க, ஓடிபி அதுக்கு தான் போகும், நெறைய வீட்டுல அது தாத்தாவோட பழைய நம்பரா இருக்கும். பேரும் பொறந்த தேதியும் பத்தாவது மார்க்‌ஷீட்லயும் ஆதார்லயும் ஒண்ணா இருக்கணும்.

எல்எல்ஆர் 6 மாசம் செல்லும், 30 நாள் கழிச்சு தான் ஓட்டிக்காட்டற டெஸ்ட்டுக்கு போக முடியும். அதுவரைக்கும் முன்னாடியும் பின்னாடியும் வெள்ளையில சிவப்பு எல் போர்டு, கார்னா பக்கத்து சீட்ல லைசன்ஸ் உள்ள ஆள், பைக்ல ஃபிரண்ட ஏத்தக்கூடாது. ப்ளஸ் டூ பசங்கன்னா, 18 ஆயிருந்தா, பரீட்சை முடிஞ்ச ஏப்ரல்ல போடுங்க, ஜூன் மழ புடிக்கறதுக்குள்ள காஞ்ச ரோட்டுல ஓட்டிப் பழகிக்கலாம்.