ரோபோ டோட்டல் ஸ்டேஷனில் தூண்களுக்கு இடம் குறித்த கதையும் அந்த 23 மில்லிமீட்டரும்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் புது வீடுகளுக்கு அத்திவாரம் குறிக்கப் போயிருந்தேன். சரிவில் டேப் பிடிப்பது பெரும் பாடு. மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் தூக்குக்குண்டோடு ஒருவர். 3-4-5 முக்கோணம் போட்டு ஒரு செங்கோண மூலையைப் பிடிப்பதற்குள் பனிமூட்டம் இறங்கிவிடும். ரோபோ டோட்டல் ஸ்டேஷன் என்பது கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி; கம்பில் மாட்டிய பிரிசத்தை (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை) அது தானே பின்தொடர்ந்து திரும்பும். கம்பைப் பிடித்துத் திரையைப் பார்த்து நடக்க ஒரு ஆள் போதும்.

1. முந்தின இரவே தூண் மையங்களை ஏ1, ஏ2 என்று பெயரிட்டுக் கருவியில் ஏற்றிவிடுங்கள். சைட்டில் நின்று எண் தட்ட வேண்டாம்.

2. ஆயத்தூரம் (கிழக்கு, வடக்குத் தூர எண்கள்) ஏற்கனவே தெரிந்த புள்ளி மூன்று வேண்டும். நிரப்பிய மண்ணில் அடிக்காதீர்கள், ஒரு மழைக்கே நகரும்.

3. கருவியை மட்டம் செய்து வெப்பநிலையும் காற்றழுத்தமும் கொடுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கடல்மட்ட அழுத்தத்தோடு அப்படியே விட்டால் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 5-6 மி.மீ. போய்விடும்.

4. நான் விழுந்த குழி இதுதான். முக்காலியில் வட்டப் பிரிசம் வைத்துப் பின்நோக்கு எடுத்தேன், அதாவது கருவிக்குத் திசை காட்டத் தெரிந்த புள்ளி ஒன்றைப் பார்த்து அளந்தேன். வித்தியாசம் 1 மி.மீ. சந்தோஷமாகக் கம்பில் 360 பாகை பிரிசத்தை மாட்டிக்கொண்டு குறிக்கத் தொடங்கினேன். திரையில் பிரிச வகையை மட்டும் மாற்றவில்லை. லைக்கா கருவியில் வட்டப் பிரிசத்துக்கு மாறிலி (அளந்த தூரத்தோடு கருவி கூட்டும் திருத்தம்) 0, 360 பாகை பிரிசத்துக்கு 23.1 மி.மீ. ஆகவே ஒவ்வொரு ஆப்பும் கருவியிலிருந்து 23 மி.மீ. தள்ளியே இறங்கியது. எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளியதால் தூணுக்குத் தூண் டேப் சரியாகவே காட்டியது!

பிறகு கருவியைக் கீழ்ப்பக்கம் மாற்றி மிச்ச வரிசையைக் குறித்தேன். மேலேயிருந்து குறித்தவை கீழே தள்ளியிருந்தன, கீழேயிருந்து குறித்தவை மேலே. இரண்டு வரிசைக்கும் நடுவில் டேப் போட்ட மேசன் அண்ணன் நிமிர்ந்தார்: "தம்பி, இங்க நாலரை சென்டி குறையுதே." அன்று பிடுங்கிய ஆப்புகளை எண்ணவில்லை.

இப்போதெல்லாம் பின்நோக்கு முடிந்ததும், கம்பில் இருக்கும் பிரிசத்தையே மூன்றாவது புள்ளியில் நிறுத்திப் பார்ப்பேன். 5 மி.மீ.க்கு மேல் போனால் ஆப்பு கிடையாது.

5. அப்புறம் குறிப்பதுதான். திரை காட்டும் இடத்தில் ஆப்பை அடித்து, தலையில் மறுபடி அளந்து ஆணி வையுங்கள். ஆணிக்கு நான் மினி பிரிசத்தைத்தான் எடுப்பேன். கம்பு குட்டையாக இருந்தால் சாய்வுப் பிழையும் குறையும். மாறிலி 17.5, மறுபடியும் மாற்ற வேண்டும்! பனிமூட்டத்தில் கருவி பிரிசத்தைத் தவறவிட்டால் முதலில் பிரிசத்தின் ஈரத்தைத் துடையுங்கள்.

தரையில் கோடு அச்சிடும் எச்.பி. சைட்பிரின்ட் போன்ற ரோபோவும் இருக்கிறது. அதற்குக் காய்ந்த சமதள சிலாப் வேண்டும், நம் அத்திவார வேலைக்கு உதவாது.

பிற்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒருவர், பழைய வரைபடத்தில் ஆயத்தூரம் 2,00,000 பக்கம் இருக்கிறது, புதியதில் 5,00,000 பக்கம், 3,00,000 கூட்டலாமா என்று கேட்டார். கூட்டாதீர்கள். பழையது கந்தவளை என்ற இலங்கை ஆயமுறை, புதியது எஸ்.எல்.டி.99 என்ற ஆயமுறை; அடிப்படையே வேறு என்பதால் வெறும் கூட்டலில் பொருந்தாது. இரண்டையும் ஒரே வேலையில் கலக்காமல், நில அளவையாளரிடம் ஒரே முறையில் புள்ளிகளைக் கேட்டு வாங்குங்கள்.