கணினி மேல் வரும் கோபத்தில் செய்யக்கூடாதவை

"தம்பி, இது என் கணினியா, இல்லை அவர்களுடையதா?"

கேட்டவர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற ஐயா. கோயில் கமிட்டியின் கணக்கு இப்போது அவர் பொறுப்பு. திருவிழா வரவு செலவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட்டின் ஓர் அறிவிப்பு வந்து நின்றதாம்: விண்டோஸ் 10க்கான ஆதரவு முடியப்போகிறது, புதிய கணினிக்கு மாறுங்கள். அதை மூடும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், எந்த வரியில் விட்டோம் என்பதே மறந்துபோயிற்று என்றார்.

அவர் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் மடிக்கணினியைத் திறந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. யாரோ சொல்லிக்கொடுத்தபடி புதுப்பிப்புச் சேவையையே அடியோடு முடக்கியிருந்தார். ஏழு மாதங்களாக அந்தக் கணினிக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட வந்து சேரவில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை என்னுடையது. தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் இங்கே வரும் கணினிகளில் தானாகக் கெட்டவையும் உண்டு; கோபத்தில் கைவைத்துக் கெடுக்கப்பட்டவையும் உண்டு. இரண்டாவது வகைதான் என் நேரத்தை அதிகம் தின்கிறது.

கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8, பழகிய ஸ்டார்ட் பொத்தானைத் தூக்கியெறிந்தது. உலகமே கூச்சல் போட்டபிறகு மறு ஆண்டு 8.1இல் அது திரும்பி வந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, பணிப்பட்டையைத் திரையின் ஓரத்துக்கு நகர்த்தும் வசதியைப் பறித்துக்கொண்டது. 2024 மே மாதம், சில வினாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் ரீகால் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கி, 2025 ஏப்ரலில், நாமாக விரும்பி இயக்கினால் மட்டுமே வேலை செய்யும்படி மாற்றி வெளியிட்டது. ஆக, முணுமுணுப்பதோடு நில்லாமல் உரக்கச் சொன்னால் காதில் விழத்தான் செய்கிறது. அதனால் திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். திட்டி முடித்த கையோடு கணினியின் அமைப்புகளுக்குள் நுழையாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

புதுப்பிப்பை முடக்குவது

2017 மே 12ஆம் தேதி வான்னாகிரை என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை, அந்தத் திருத்தத்தை இரண்டு மாதமாகப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள்.

"புதுப்பித்ததால்தானே 2024 ஜூலையில் விமான நிலையமெல்லாம் முடங்கியது?" என்று என்னை மடக்குபவர்களும் உண்டு. ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது மைக்ரோசாஃப்ட்டின் புதுப்பிப்பு அல்ல. நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறு அது. உங்கள் வீட்டு மடிக்கணினியில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

வேலை நேரத்தில் தொல்லை வேண்டாமென்றால் அதற்கென்றே அமைப்பு இருக்கிறது. எந்த நேரத்தில் மறுதொடக்கம் செய்யக்கூடாது என்று 18 மணி நேரம்வரை குறித்துவைக்கலாம். ஐந்து வாரம்வரை தள்ளியும் போடலாம். அதற்குமேல் தள்ளாதீர்கள்.

பார்க்காமலே புதிது வாங்குவது

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கும் பிந்திய சில்லு வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிக்க என் தயவு தேவையில்லை. சில்லின் பெயரில் ஐ5க்குப் பிறகு 7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டு. எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1135 என்பது பதினொன்று.

ஓர் ஆசிரியை, "உங்கள் கணினி பொருந்தாது" என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, பழையதை என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் வந்தார். சில்லு 8250. டிபிஎம் உள்ளேயே இருந்தது; விண்டோஸ் எழும்முன் ஓடும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இன்டெல் கணினிகளில் அதற்குப் பிடிடி என்றும் ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருப்பதால், தேடுகிறவர்களுக்குக் கண்ணில் படுவதில்லை. இயக்கிவிட்டு மறுபடி சோதித்தோம், பொருந்தியது.

உண்மையிலேயே பொருந்தாத கணினிக்கும் ஓர் ஆண்டு அவகாசம் உண்டு. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் அது. 30 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகையைக் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், காப்பெடுத்தால் இலவசம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தக் காப்பெடுக்கும் நிபந்தனைகூட இல்லை. அங்கே நுகர்வோர் அமைப்பு கேட்டது, சட்டமும் துணை நின்றது, கிடைத்தது. நமக்கு அந்த வாய்ப்பு இல்லையே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நாற்பத்தெட்டு இலக்கங்கள்

இந்தத் தவறைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

செம்பனைக் குலை வெட்டும் ஓர் அண்ணன், படிவம் ஐந்து படிக்கும் மகளுக்குத் தவணையில் மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். விண்டோஸ் 11 முதல்முறை இயங்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அந்தப் பிள்ளைக்கு மின்னஞ்சல் இல்லாததால், விற்ற இடத்தில் இருந்த பையன் நிமிட நேரத்தில் ஏதோ ஒரு முகவரியை உருவாக்கி, ஏதோ ஒரு கடவுச்சொல்லைப் போட்டு, திறந்து கொடுத்துவிட்டான். அதற்குப்பின் நான்கு இலக்க ரகசிய எண் மட்டுமே போதுமாக இருந்ததால், அப்படியொரு கணக்கு இருப்பதே குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

பத்து மாதம் கழித்து ஒருநாள், பயாஸ் புதுப்பிப்பு ஒன்று முடிந்து கணினி எழுந்தபோது நீலத் திரை. மீட்புச் சாவியை உள்ளிடுக என்று ஒரே கட்டளை. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கங்கள்.

நடந்தது இதுதான்: இப்போது வரும் பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே வட்டு தானாக மறையாக்கம் செய்யப்படுகிறது. திருடன் கையில் சிக்கினால் அவனால் எதையும் படிக்க முடியாது, அந்த வகையில் நல்ல ஏற்பாடு. சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கே யாருக்கும் தெரியாதபோது? விற்ற இடத்தில் கேட்டோம். அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். சாவி இல்லாமல் என்னாலும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும் முடியாது. பள்ளித் திட்டப்பணியும், இறந்துபோன பாட்டியின் படங்களும் உள்ளேயே நின்றுவிட்டன. வட்டைத் துடைத்து விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். அண்ணன் ஐம்பது வெள்ளித் தாளை மேசையில் வைத்தார். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

ஆகவே, கணினி வாங்குகிற இடத்தில் "நானே திறந்துகொள்கிறேன்" என்று சொல்லுங்கள். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணோடு இருக்கட்டும். கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் மீட்புச் சாவி இருக்கும். அதைத் தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கோப்பில் வையுங்கள். மேலே சொன்ன டிபிஎம் அமைப்பை மாற்றப் போகிறீர்களா? சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

மேகச் சேமிப்பு பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவ் உங்கள் ஆவணங்களையும் மேசைத்திரையையும் தன் கோப்புறைக்குள் இழுத்துக்கொண்டிருக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி நிரம்பியதும் எச்சரிக்கை வரும். உடனே கோபத்தில் மேகத்தில் உள்ளதை அழிப்பீர்கள். கணினியில் உள்ளதும் கூடவே அழியும். ஒன்றின் நிழல்தான் மற்றொன்று. ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டுப் பிறகு கைவையுங்கள்.

ஒரே இரவில் லினக்ஸுக்கு மாறுவது

விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். எனக்கு அது பிடிக்கும். கடையில் என் சொந்தக் கணினியில் அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிவைத்தது, இன்று எவர் வீட்டுப் பழைய கணினிக்கும் மறுவாழ்வு தரக்கூடிய அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 4 ஜிபி ரேம் இருந்தால் மின்ட் ஓடும். பழைய சுழல்வட்டைக் கழற்றி எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டைப் போட்டுவிட்டால், தூக்கியெறிய வைத்திருந்த கணினி ஓடும் வேகம் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

ஆனால் அது காசில்லாத விண்டோஸ் அல்ல. கடைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டிருந்தால் அங்கே ஏறாது. வாலரண்ட் விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தால் உங்களுக்கு நிம்மதி இருக்காது, அந்த விளையாட்டு லினக்ஸில் ஓடவே ஓடாது. மலிவு பிரிண்டர் ஓடுமா என்பது முயன்று பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் மின்ட்டை வட்டில் ஏற்றாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை முழுதும் அப்படி ஓட்டி, பிரிண்டர், வைஃபை, ஒலி மூன்றையும் சோதியுங்கள்.

நம் ஆட்களுக்கென்றே இதில் ஒரு பொறி உண்டு. ஐயாவின் கோயில் கணக்கில் அதைத்தான் பார்த்தேன். பதினைந்து ஆண்டுக் கணக்கும் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் கணினி உண்மையில் சேமிப்பது தமிழை அல்ல, ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. "தமிழ்" என்று தட்டினால் உள்ளே இருப்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேல் நிற்கும் புள்ளி. பழைய கணினியைத் துடைத்துப் புதியதில் கோப்பைத் திறந்தால், எழுத்துரு இல்லாத காரணத்தால் நன்கொடையாளர் பட்டியல் முழுவதும் அரைப்புள்ளி தெறித்த கிறுக்கலாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அழிக்காதீர்கள். துடைப்பதற்கு முன் எழுத்துருக் கோப்புறையை நகலெடுங்கள். பிறகு எழுத்துரு மாற்றி மென்பொருளின் உதவியோடு, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுங்கள். மாற்றியபின் "கொ", "பெ" போன்ற எழுத்துகளைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பாமினியில் கொம்பை முதலில் தட்டுவோம், ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும், சறுக்கல் வந்தால் அங்கேதான் வரும்.

தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலும் இருக்கிறது, லினக்ஸிலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆப்பிள் கணினிகளில் கூடவே வரும் அஞ்சல் விசைமுகம் நம் மலேசியர் முத்து நெடுமாறனின் கைவண்ணம். கணினி யார் வீட்டுச் சரக்கோ, அதற்குள் தமிழ் பேசவைத்த வேலையில் நமக்கும் பங்கு இருக்கிறது என்று கடைக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவதில்லை.

அடுத்த பதிப்பை நம்பிக் காத்திருப்பது

2015இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மேடையில், விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ் என்று சொன்னார். நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆறே ஆண்டில் 11 வந்தது. ஆப்பிளுக்குப் போனால் தப்பிக்கலாமா என்றால், இன்டெல் சில்லுள்ள மேக் கணினிகளுக்கு 2025இல் வந்த டஹோதான் கடைசிப் பதிப்பு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசோ, சுமார் 30,000 ஊழியர்களின் கணினிகளை மைக்ரோசாஃப்ட்டிலிருந்து விலக்கப்போவதாக 2024இல் அறிவித்தது. எந்தப் பக்கமும் நிலையான கரை இல்லை.

கடைக்கு வருகிறவர்களிடம், அடுத்த கணினியில் என்ன வேண்டும் என்று நானே கேட்பதுண்டு. செயற்கை நுண்ணறிவு வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும். விளம்பரம் வேண்டாம். இணையம் இல்லாதபோதும் திறக்க வேண்டும். இடி மின்னலுக்கு வைஃபை போய்விடும் தோட்டத்தில் இது சின்ன ஆசை அல்ல. பத்து ஆண்டு உழைக்க வேண்டும்.

ஐயாவுக்கு நீட்டிப்புத் திட்டத்தைப் பதிந்து கொடுத்தேன். கோயில் கணக்கை ஒருங்குறிக்கு மாற்ற மூன்று மாலை ஆயிற்று. பெயர்ப் பட்டியலை அவர் பழைய ரசீதுப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, பதினோரு இடத்தில் பிழை கண்டுபிடித்தார். இப்போது மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதிலிருந்து ஓட்டிப் பழகுகிறார். போன வாரம் வந்து, பிரிண்டர் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது, அடுத்த முறை அதையும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.