பாரிஸ்டா பணிக்குத் தகுதி பெறும் வழி

காபிக் கடையில் காபி தயாரித்துத் தரும் பாரிஸ்டாவாகச் சேர இந்தியாவில் பட்டப்படிப்பு எதுவும் கட்டாயமில்லை. ஆயினும் முறையான பயிற்சி பெற்றவருக்கே நல்ல கடைகள் முன்னுரிமை தருகின்றன. பெங்களூருவிலுள்ள இந்தியக் காபி வாரியம் நடத்தும் 'காபி சாஸ்திரா' பயிற்சி, கொட்டையின் தரம், வறுத்தல், சுவை அறிதல் ஆகியவற்றுக்கு நல்ல அடித்தளமாகும். அயல்நாட்டு வேலையை நாடுவோர், 2017இல் இரு சங்கங்கள் இணைந்து உருவான ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷனின் பாரிஸ்டா திறன் சான்றிதழைப் பெறலாம். இது அடிப்படை, இடைநிலை, தொழில்முறை என மூன்று நிலைகளைக் கொண்டது.

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, சான்றிதழின் அழகைவிட, ஒவ்வொருவருக்கும் இயந்திரத்தில் கைப்பழக்கத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதையே முதலில் விசாரியுங்கள். 18 கிராம் தூளிலிருந்து ஏறத்தாழ 36 கிராம் எஸ்பிரெசோவை (இயந்திர அழுத்தத்தில் இறக்கும் கெட்டியான காபி) 25 முதல் 30 விநாடிகளுக்குள் இறக்குவதும், அது விரைந்து வழிந்தால் அரவையை நுண்மையாக்கி, தயங்கிச் சொட்டினால் பருமனாக்கிச் சரிசெய்வதும், பாலை 60 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் மென்நுரையாக்குவதும் மீண்டும் மீண்டும் செய்தால்தான் கைவரும். காபியின் மேல் பால்நுரையால் பூ வரைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதியவர்கள் அதற்கே அவசரப்படுகிறார்கள்.

இவற்றுடன், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 'ஃபோஸ்டாக்' எனும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியையும் முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.