வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் குரூப் தெரபியும் பியர் சப்போர்ட்டும்: புதிதாக வந்த மாணவர்களுக்கு

பல்கலைக்கழகக் கவுன்சிலிங் சென்டருக்குப் போன் செய்து, "ராத்திரி தூக்கமே வருவதில்லை, படிக்க உட்கார்ந்தால் மனசு நிற்பதில்லை" என்று ஒருவழியாகச் சொல்லி முடிக்கிறீர்கள். மறுமுனையில் இருப்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு குரூப்பில் சேர்ந்து பார்க்கிறீர்களா?" என்கிறார். நம் மாணவர்களில் பலர் இந்த இடத்தில்தான் "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாத எட்டுப் பேர் நடுவில், அதுவும் ஆங்கிலத்தில், மனசைத் திறப்பதா என்ற தயக்கம். தனியாகப் பார்க்க நேரமில்லாததால் நம்மைக் கும்பலோடு தள்ளிவிடுகிறார்களோ என்ற வருத்தம் வேறு.

அந்த வருத்தம் வேண்டாம். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றில் குழுவாகச் செய்யும் சிகிச்சை, தனியாகச் செய்வதற்கு ஏறக்குறைய இணையான பலன் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேற்று முளைத்த யோசனையும் அல்ல. 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், காசநோயாளிகளை வாரந்தோறும் கூட்டி நோயைப் பற்றி வகுப்பு எடுத்தார். ஒரே நோய் கண்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்ததே அவர்களுக்குத் தெம்பு தந்ததையும் கவனித்தார். குரூப் தெரபியின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். ஊர்விட்டு வந்த மாணவருக்கு இதில் பெரிய ஆறுதல் உண்டு. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணத்தைத் தெரபிஸ்ட் எவ்வளவு மறுத்துச் சொன்னாலும் அது லேசில் போகாது. எதிர் நாற்காலியில் இருப்பவர் "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லும்போது அது கொஞ்சம் இளகும்.

எதில் சேருவது

குரூப் என்ற ஒரே சொல்லில் வெவ்வேறான பல விஷயங்களை அடக்கிவிடுகிறார்கள். ஸ்கில்ஸ் குரூப் என்பது ஏறக்குறைய வகுப்பு மாதிரி. நான்கு முதல் எட்டு வாரம் வரை நடக்கும், ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பு இருக்கும்: பதற்றத்தைக் கையாள்வது, தூக்கம், தள்ளிப்போடும் பழக்கம். சொந்தக் கதையை அதிகம் சொல்லத் தேவையில்லை. சப்போர்ட் குரூப்பில் ஒரே நிலையில் இருப்பவர்கள் சேர்வார்கள்: நெருங்கியவரை இழந்தவர்கள், பிஎச்டி மாணவர்கள், வெளிநாட்டு மாணவர்கள். ப்ராசஸ் குரூப் என்பதற்குத் தலைப்பே கிடையாது. ஆறு முதல் பத்துப் பேர், வாரம் ஒருமுறை 90 நிமிடம், பெரும்பாலும் இரண்டு தெரபிஸ்டுகள், செமஸ்டர் முழுக்க. மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறோம், எங்கே ஒதுங்குகிறோம் என்பதை அந்த அறையிலேயே கண்ணால் பார்ப்பதுதான் அங்கே வேலை.

பதற்றமோ தூக்கமோ குறிப்பாகத் தொல்லை தந்தால் ஸ்கில்ஸ் குரூப்பில் தொடங்குவது நல்லது. தனிமைதான் வாட்டுகிறது, பழக வரவில்லை, கோபம் வந்தால் வாயடைத்துப் போகிறது என்றால், பயமாக இருந்தாலும் ப்ராசஸ் குரூப்பைக் கேளுங்கள். தனிமைக்கான மருந்து ஒர்க்‌ஷீட்டில் இல்லை.

சேரும் முறை

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரமே போய்விடுங்கள். பல ப்ராசஸ் குரூப்கள் மூன்றாவது, நான்காவது வாரத்தில் தொடங்கும். தொடங்கியபின் புதியவர்களைச் சேர்க்காமல் கதவை மூடிவிடுவதும் உண்டு. பரீட்சை நெருங்கும்போது போனால் அடுத்த செமஸ்டருக்குத்தான் இடம் இருக்கும்.

முதலில் ஒரு படிவம் தருவார்கள். பல இடங்களில் அது மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 (PHQ-9) ஆக இருக்கும்: கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிப் பழகிய வாய், பேனாவிலும் அதையே எழுதும். எல்லாவற்றுக்கும் 0, 1 போட்டால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று ஒரு மணி நேர ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னையே வருத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. வந்திருந்தால் உள்ளதை எழுதுங்கள். அதைக் குறித்ததாலேயே ஆஸ்பத்திரியில் பிடித்து வைக்க மாட்டார்கள். ஒருவர் தனியாக உட்காரவைத்து எத்தனை முறை வந்தது, திட்டம் ஏதும் இருக்கிறதா என்று விசாரிப்பார், எவ்வளவு சீக்கிரம் உதவி தேவை என்று தீர்மானிப்பதற்காக.

அடுத்தது குரூப் நடத்துபவரோடு 20, 30 நிமிடச் சந்திப்பு. உங்களுக்கு அந்தக் குரூப் பொருந்துமா என்று அவர் பார்ப்பார். நீங்களும் கேளுங்கள்: எத்தனை பேர், இளநிலையா முதுநிலையா, எத்தனை வாரம், வர முடியாவிட்டால் என்ன செய்வது. "தெரிந்த தமிழ் மாணவர் யாராவது உள்ளே இருந்தால்?" என்பதையும் வாய்விட்டுக் கேட்கலாம். யார் இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் முதல் நாள் தெரிந்த முகம் இருந்தால் உங்களை வேறு குரூப்புக்கு மாற்ற வழி செய்வார்கள். இப்போதைக்குக் குரூப் வேண்டாம், முதலில் தனியாகப் பார்ப்போம் என்று அவர் சொன்னால் அது நிராகரிப்பு அல்ல. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கும், அண்மையில் பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவருக்கும் குரூப்பில் கிடைக்கும் கவனம் போதாது.

ஆன்லைன் குரூப் என்றால் இடம் முக்கியம். ஹெட்போன் மற்றவர்களின் குரலைத்தான் மறைக்கும்; உங்கள் குரல் அறைத்தோழருக்குக் கேட்கும். கவுன்சிலிங் சென்டரிலேயே அறை கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் தெரபிஸ்டின் உரிமம் மாநிலத்தோடு கட்டுப்பட்டது. விடுமுறைக்கு வேறு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ போனால் அங்கிருந்து கலந்துகொள்ள பெரும்பாலும் விடமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள்

வட்டமாகப் போட்ட நாற்காலிகள், நடுவில் மேசை இருக்காது, எட்டும் தூரத்தில் டிஷ்யூ பெட்டி. விதிமுறைகளைச் சொல்லிப் பெயர்களைக் கேட்டபின் தெரபிஸ்ட் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு நிமிடம், சில நேரம் இரண்டு நிமிடம், யாரும் பேச மாட்டார்கள். யாரோ செருமுவார், யாரோ தரையைப் பார்ப்பார். ஆசிரியர் பேசட்டும் என்று காத்திருந்து பழகிய நமக்கு இந்த மௌனம் தாங்காது, ஏதோ தப்பு நடந்துவிட்டது போலத் தோன்றும். தப்பு எதுவும் இல்லை. பேச்சை உறுப்பினர்களே தொடங்கட்டும் என்று வேண்டுமென்றே விடும் இடைவெளி அது. "என்ன பேசுவதென்று தெரியவில்லை, படபடப்பாக இருக்கிறது" என்று சொன்னாலே போதும், பேசத் தொடங்கியாயிற்று.

அறிவுரையை அடக்குவதுதான் அதைவிடக் கஷ்டம். ஒரு பெண் "மூன்று நாளாக அறையைவிட்டு வெளியே வரவில்லை" என்கிறாள். அன்பு இருப்பதால்தான் நம் வாயில் "காலையில் எழுந்து நட, போனை ஆஃப் பண்ணு" என்று வந்துவிடுகிறது. அவள் "சரி" என்று தலையாட்டுவாள், பேச்சு அதோடு நின்றுவிடும். அதற்குப் பதிலாக, "நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நானும் அப்படி இருந்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவள் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பாள், அடுத்த வாக்கியம் வரும்.

நிறையப் பேர் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். முதல் வாரம் புதுமை இருக்கும். இரண்டாவது வாரம் "இவ்வளவு சொல்லிவிட்டோமே" என்ற கூச்சம் பிடித்துக்கொள்ளும். நம்பிக்கை வளர நாலைந்து வாரம் பிடிக்கும், அதுவரை போய்வருவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். விலகத்தான் வேண்டுமென்றால் சொல்லாமல் மறையாதீர்கள். கடைசியாக ஒருமுறை வந்து, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். காரணம் புரியாமல் ஒரு நாற்காலி காலியாகிவிட்டால், தாங்கள் ஏதோ தவறாகப் பேசிவிட்டோம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். குரூப் நடக்கும் காலத்தில் வெளியே சந்திப்பது, வாட்ஸ்அப் குழு தொடங்குவது போன்றவை பல இடங்களில் கூடாது. இரண்டு பேர் வெளியே பேசித் தீர்த்துக்கொண்ட விஷயம் உள்ளே வராது, மற்றவர்களுக்கு எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆங்கிலம் சரளமாக வராது என்று ஒதுங்க வேண்டாம். "நெஞ்சு அடைக்குது", "ஒரு மாதிரியா இருக்கு" என்று முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டு, அது எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதற்குப் பிறகு போகிறது என்று விளக்குங்கள். "நெஞ்சு அடைக்குது" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இதயக் கோளாறு என்றுதான் அவர்களுக்குப் புரியும். "வீட்டிலிருந்து போன் வந்து வைத்ததும் அரை மணி நேரம் அடைக்கும்" என்றால் விஷயம் துலங்கிவிடும்.

யாருக்குத் தெரியும்

தெரபிஸ்டைத் தொழில் நெறியும் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. பேராசிரியருக்கோ விசா அலுவலகத்துக்கோ நீங்கள் வருவதைச் சொல்ல மாட்டார். நீங்கள் 18 வயது நிரம்பியவர் என்றால் பெற்றோருக்கும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் தகவல் போகாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைகளுக்கு எதிரான கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. குரூப்பின் மற்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துவது கையெழுத்திட்ட உறுதிமொழி மட்டும்தான். அது பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது, ஆனால் சட்டத்தின் பலம் அதற்கு இல்லை. அதனால் முதல் சில வாரம் ஊர்ப்பெயர், ஆய்வகத்தின் பெயர், மற்றவர்களின் பெயர் இல்லாமல் பேசுங்கள். வெளியே நீங்கள் கற்றதைச் சொல்லலாம், பிறர் சொன்னதைச் சொல்லக் கூடாது.

பாடச்சுமையைக் குறைக்க நேர்ந்தால் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் மனநலத்தையும் மருத்துவக் காரணமாகக் காட்டலாம். அதற்கு மருத்துவரின் அல்லது உளவியலாளரின் கடிதம் வேண்டும், ஒரே படிப்பு நிலையில் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் கிடையாது. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் ஒப்புதலை வாங்கிய பிறகுதான் பாடத்தைக் கைவிட வேண்டும். முதலில் கைவிட்டுவிட்டுப் பிறகு போய் நின்றால் விசாவுக்கே ஆபத்து. குரூப் நடத்துபவர் பயிற்சி மாணவராக இருந்தால் அவர் கடிதம் செல்லாமல் போகலாம். யார் கையெழுத்திட முடியும் என்று முன்பே கேட்டுவையுங்கள். பிரிட்டனில் படிப்பை இடைநிறுத்தினால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவிக்கும், ஆகவே அங்கும் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகம்தான்.

பியர் சப்போர்ட்

இதில் உதவுபவர்கள் பயிற்சி பெற்ற சக மாணவர்கள். பிரிட்டனின் நைட்லைன் 1970இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இரவில் மாணவர்களே போன் எடுப்பார்கள், பெயர் கேட்க மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். பெயரை மறைத்து எழுதலாம் என்பதற்காக டுகெதரால் என்ற இணையத் தளத்தையும் பல பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களுக்குத் தருகின்றன. தெரபிஸ்டிடம் போகத் துணிவு வராதவருக்கு இவை நல்ல முதல் படி.

ஆனால் சக மாணவரின் தோளுக்கு ஓர் அளவு உண்டு. நோயைக் கண்டறிவதோ மருந்து பற்றிச் சொல்வதோ அவர் வேலை அல்ல. நல்ல பியர் சப்போர்ட் குழுவுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் கேட்பவரே சுமை தாங்காமல் உடைந்துபோவார். "உங்களுக்கு மேற்பார்வை யார்?" என்று கேட்பதில் தவறில்லை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தால் அடுத்த வாரக் குரூப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14 (லைஃப்லைன்), நியூசிலாந்தில் 1737, சிங்கப்பூரில் 1767. ஆங்கிலம் வராத நேரம் என்றால் ஆஸ்திரேலியாவில் 131 450 மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் என்று சொல்லி, லைஃப்லைனோடு இணைக்கச் சொல்லலாம். உங்கள் நாட்டின் எண்ணை இன்றே போனில் சேமித்துவையுங்கள். அறைத்தோழரிடமும் கொடுத்துவையுங்கள்.