கதை எந்த நிமிடத்தில் அறுந்தது? குழம்பிப்போன சூப்பர் ஹீரோ படத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை

இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே வரும்போது "கடைசியில் வில்லனுக்கு என்னதான் வேண்டுமாம்?" என்று கூட வந்தவரைக் கேட்க நேர்ந்தால் தவறு பார்த்தவர் மேல் இல்லை. கதாபாத்திரங்கள் அதிகமாக இருப்பதாலோ கதை பெரிதாக இருப்பதாலோ ஒரு படம் குழம்பிவிடாது. ஒரு காட்சி அடுத்த காட்சிக்குக் காரணமாக இல்லாமல் போகும் இடத்தில்தான் குழம்புகிறது. அந்த இடத்தை நிமிடக் கணக்கோடு காட்ட முடியும். விமர்சனம் எழுதுபவர்களுக்கும் திரைக்கதை பழகுபவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. நன்றாக வந்த படத்தில் தையல் தெரியாது, கெட்டுப்போன படத்தில்தான் தையல் கண்ணில் படும்.

நேரம் காட்டும் பிளேயர், நூறு சிறிய அட்டைகள், மூன்று நிறப் பேனாக்கள் இருந்தால் போதும். அட்டைக்குப் பதில் கணினியில் எக்செல் தாளும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அட்டையை மேசைமேல் இடம் மாற்றிப் பார்க்கும் வசதி தாளில் வராது. 150 நிமிடப் படத்துக்கு ஐந்தாறு மணி நேர வேலை இருக்கிறது. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். களைத்த கண் சண்டைக் காட்சிகளை ஓட்டிவிடும், பாதிப் படங்களில் முக்கியமான தகவல் சண்டைக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

முதல் முறை குறிப்பே எடுக்காமல் பாருங்கள். முடிந்த அரை மணி நேரத்துக்குள், யாருடைய விளக்கத்தையும் படிக்காமல், கதையைப் பத்து வாக்கியத்தில் எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தொடருங்கள். "எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்தார்கள்" என்று எழுதத் தோன்றினால் அதையும் அப்படியே எழுதுங்கள். அந்த "எப்படியோ" பின்னால் பெரிய துப்பாக உதவும். இந்தக் கட்டத்தில் காமிக்ஸ் படித்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். படம் சொல்லாமல் விட்டதை அவர்களுடைய நினைவு தானாக நிரப்பிவிடும். திரையில் வராத எதுவும் பத்து வாக்கியத்துக்குள் வரக்கூடாது. டப்பிங் பதிப்பில் பார்த்தவர்கள், கேள்விக்குறி விழுந்த இடங்களை மூல மொழி ஒலியோடும் சப்டைட்டிலோடும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். உதட்டசைவுக்காக வசனத்தைச் சுருக்கும்போது ஒரு பெயரோ காரணமோ நழுவியிருக்கலாம், அந்தப் பழி திரைக்கதைமேல் விழக்கூடாது.

காட்சி அட்டைகள்

இரண்டாம் முறை, காட்சிக்கு ஓர் அட்டை. மேலே தொடங்கும் நேரம், நடுவில் இடமும் ஆட்களும், கீழே ஒரே வரியில் "இந்தக் காட்சியால் என்ன மாறியது" என்பது. இந்தக் கடைசி வரிதான் உயிர். "பேட்மேனும் ஆல்ஃப்ரெடும் பேசுகிறார்கள்" என்பது மாற்றம் இல்லை. "பேட்மேன் ஆயுதத்தைத் திருட முடிவெடுக்கிறான்" என்பது மாற்றம். எதுவும் மாறவில்லை என்றால் அந்த வரியை வெறுமையாக விடுங்கள், கருணை காட்டி நிரப்பாதீர்கள். நீண்ட சண்டையை ஒரே அட்டையாக எடுத்துக்கொண்டு, தொடங்கியபோது யார் கை ஓங்கியிருந்தது, முடிந்தபோது யார் கை ஓங்கியிருந்தது, யாருக்கு என்ன புதிதாகத் தெரிந்தது என்று மூன்றை மட்டும் குறியுங்கள். பத்து நிமிடம் கட்டிடங்கள் இடிந்தும் மூன்று பதிலும் மாறவில்லை என்றால் அந்தச் சண்டை கதைக்கு வெளியே நிற்கிறது.

அட்டைகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைப் போடுங்கள். முந்தையதன் விளைவாக அடுத்தது வந்தால் நீலத்தில் "ஆகவே". முந்தையதற்குத் தடையாக வந்தால் நீலத்திலேயே "ஆனால்". இரண்டும் பொருந்தாமல் வெறுமே அடுத்து வந்தால் சிவப்பில் "பிறகு". சௌத் பார்க் தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் மாணவர்களுக்குச் சொல்லிப் பரவலான முறை இது. இரண்டு கதைச் சரடுகள் மாறி மாறி ஓடும் படத்தில் பக்கத்துப் பக்கத்து அட்டைகளை ஒப்பிட்டால் பொய்யாகச் சிவப்பு குவியும். ஒவ்வொரு சரடையும் தனி வரிசையாக அடுக்கிவிட்டுப் பிறகு சொல் போடுங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு எந்தப் படத்திலும் இருக்கும். மூன்று சிவப்பு அடுத்தடுத்து விழுந்தால் அங்கே கதை நின்றுவிட்டது என்று பொருள். அந்த இடத்தையும் பத்து வாக்கியத்தில் நீங்கள் போட்ட கேள்விக்குறியையும் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும். "ஓராண்டுக்குப் பின்" போன்ற எழுத்து திரையில் வரும் இடத்துக்குத் தனிக் குறி போடுங்கள். 2015-இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில் நால்வருக்கும் சக்தி வந்து, அவர்கள் அதிர்ச்சியில் இருக்கும் கட்டத்திலேயே கதை ஓராண்டு தாவுகிறது. அந்த உடலோடு வாழப் பழகிய மாதங்கள்தான் படத்தின் சாரம். அதைத் தாண்டிவிட்ட பிறகு வரும் எந்த முடிவுக்கும் வேர் இல்லை.

வில்லனுக்குத் தனித் தாள்

ஹீரோவின் கதையைப் படம் வரிசையாகச் சொல்லிவிடும். வில்லனின் கதை துண்டு துண்டாகத்தான் வரும், அதனால் ஓட்டையும் அங்கேதான் அதிகம். படத்தில் வந்த வரிசையை மறந்துவிட்டு, நாள் வரிசைப்படி வில்லனின் திட்டத்தை எழுதுங்கள். அவனுக்கு என்ன வேண்டும், அதற்கு என்ன பொருள் தேவை, அந்தத் தகவல் அவனுக்கு எப்போது யாரால் தெரிந்தது, அடுத்த படி யாருடைய செயலை நம்பியிருக்கிறது. கடைசிக் கேள்வியில்தான் பல திட்டங்கள் உடையும். ஹீரோ ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தற்செயலாக வந்தால்தான் திட்டம் பலிக்கும் என்றால், திட்டம் போட்டவன் வில்லன் இல்லை, எழுத்தாளர்.

இரண்டு மூன்று வில்லன்கள் இருந்தால் ஒருவருடைய அட்டைகளை எல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு கிளைமாக்ஸைப் படியுங்கள். மீதி அட்டைகளோடு கிளைமாக்ஸ் அப்படியே நின்றால் அவர் கூடுதல் சுமை. 2007-இன் ஸ்பைடர்மேன் 3 படத்தில் ஹாரி, சாண்ட்மேன், வெனம் என மூவர். வெனம் முழு உருவில் வருவது படத்தின் கடைசிப் பகுதியில். சாண்ட்மேனோடு அவன் கைகோப்பது ஒரு சந்தில் நடக்கும் சின்ன உரையாடலில். நீண்ட நேரம் எடுத்துக் கட்டிய சாண்ட்மேனின் துயரம் அந்த உரையாடலோடு வேறு பாதைக்குப் போய்விடுகிறது. தயாரிப்பாளர் தரப்பின் வலியுறுத்தலால்தான் வெனம் சேர்க்கப்பட்டது என்பதை இயக்குநர் சாம் ரெய்மியே பின்னாளில் பேசியிருக்கிறார். அட்டைகளை அடுக்கினால் அவர் சொல்லாமலே அது தெரியும்.

சக்திக் கணக்கும் பொருள் கணக்கும்

ஒவ்வொருவருக்கும் என்ன முடியும், என்ன முடியாது, எந்த நிமிடத்தில் அது நமக்குக் காட்டப்பட்டது என்று ஒரு பட்டியல் வேண்டும். இதில் இரண்டு வகைத் தவறு வரும். கிளைமாக்ஸைத் தீர்க்கும் சக்தி அப்போதுதான் முதன்முறையாகத் தெரிவது ஒன்று. முதல் பாதியில் சுலபமாகப் பயன்படுத்திய சக்தியை, இரண்டாம் பாதியில் மிகவும் தேவைப்படும்போது யாரும் நினைத்துக்கூடப் பார்க்காதது இன்னொன்று. பார்வையாளரை அதிகம் எரிச்சலூட்டுவது இரண்டாவதுதான். மனிதன் பறப்பது எந்த இயற்பியலில் சரி என்று கேட்பது இந்தக் கணக்கில் வராது. படம் தானே போட்ட விதியைத் தானே மீறுகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

எல்லாரும் தேடும் கல், பெட்டி, கருவி ஏதாவது இருந்தால் அது யார் கையில் இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே கோடாக வரையுங்கள். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் காரணம் இருக்க வேண்டும். 2017-இன் ஜஸ்டிஸ் லீக், அதே படத்துக்கு 2021-இல் வந்த இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் பதிப்பு இரண்டையும் இதற்குப் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் எல்லாரும் தேடுவது மதர் பாக்ஸ் என்ற மூன்று பெட்டிகளை. இரண்டிலும் சூப்பர்மேனை உயிர்ப்பித்த பிறகு மூன்றாவது பெட்டி வில்லன் ஸ்டெப்பன்வுல்ஃப் கைக்குப் போகிறது. 2017 படத்தில், உலகமே அழியக் காரணமான பெட்டியைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு எல்லாரும் சூப்பர்மேனோடு மோதிக்கொண்டிருக்கிறார்கள், ஸ்டெப்பன்வுல்ஃப் வந்து எடுத்துப் போகிறான். சிவப்பு "பிறகு". 2021 பதிப்பில் நாயகர்களில் ஒருவனான சைபார்க்கின் தந்தை சைலஸ் ஸ்டோன் பெட்டியை லேசரால் கடுமையாகச் சூடேற்றி, அதிலேயே உயிரை விடுகிறார். பெட்டி பறிபோனாலும் அந்த வெப்பத்தை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. நீல "ஆகவே". தோல்வியே அடுத்த படிக்கு வழி காட்டுகிறது, மகனுக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. முதல் படம் 120 நிமிடம், அடுத்தது 242 நிமிடம். நீளமான பதிப்புதான் தெளிவாகப் புரிகிறது.

வெட்டுத் தழும்புகள்

வெளியீட்டுத் தேதியை முதலில் அறிவித்துவிட்டுத் திரைக்கதையைப் பின்னால் துரத்துவது, படப்பிடிப்புக்குப் பின் பெரிய அளவில் ரீஷூட் செய்வது, நாளொன்றுக்கு ஒரு காட்சி கூடுதலாக ஓட்டலாம் என்று நீளத்தைக் குறைப்பது, அடுத்த படத்துக்கான விதைகளை இந்தப் படத்தில் தூவுவது என்று குழப்பத்தின் காரணங்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். எது நடந்தது என்பதற்குத் திரையிலேயே தழும்பு இருக்கும்.

கதைத் தகவல் உள்ள வசனம் வரும்போது பேசுபவரின் வாயைப் பாருங்கள். முதுகு காட்டியபடியோ தூரத்து ஷாட்டிலோ முகமூடிக்குள்ளிருந்தோ வந்தால், பின்னால் டப்பிங்கில் சேர்த்திருக்கலாம். எல்லாப் படத்திலும் டப்பிங் உண்டு, எனவே ஒன்றிரண்டை வைத்து முடிவு கட்டக்கூடாது. திட்டத்தை விளக்கும் வரிகள் எல்லாமே இப்படி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தலைமுடியின் நிறமும் நீளமும் அடுத்த சான்று. ஃபென்டாஸ்டிக் ஃபோரில் நால்வரில் ஒருவரான சூ ஸ்டார்ம் சில காட்சிகளில் விக் அணிந்திருப்பது வெளிப்படையாகவே தெரியும், அவை ரீஷூட் காட்சிகள். ஜஸ்டிஸ் லீக் ரீஷூட்டின்போது வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்த ஹென்றி கேவில் அதை எடுக்க முடியாத நிலையில், கணினியில் மீசையை அழித்தார்கள். சூப்பர்மேனின் மேலுதடு விறைத்து நிற்கும் ஷாட்களைக் கறுப்புப் பேனாவால் குறித்தாலே எந்தப் பகுதி பிறகு எடுக்கப்பட்டது என்ற வரைபடம் கிடைத்துவிடும். டிரெய்லரில் வந்து படத்தில் இல்லாத ஷாட்கள் பலவீனமான சான்றுதான். டிரெய்லர் வெட்டும்போது எடிட்டிங் முடிந்திருக்காது என்பதால் நல்ல படங்களிலும் அப்படி நடக்கும்.

நீண்ட பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் 2016-இல் திரையரங்குக்குச் சுமார் இரண்டரை மணி நேரப் படமாக வந்தது. பின்னர் வந்த அல்டிமேட் எடிஷன் அதைவிட அரை மணி நேரம் நீளம். திரையரங்கப் பதிப்பில் ஆப்பிரிக்கக் கிராமத்தில் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் இறக்கிறார்கள், பழி சூப்பர்மேன் மேல் விழுகிறது. துப்பாக்கியே தேவைப்படாதவனை ஏன் குற்றம் சொல்கிறார்கள் என்பது விளங்காது. நீண்ட பதிப்பில் கூலிப்படையினர் உடல்களை எரிப்பது வருகிறது, சூப்பர்மேனின் கண் நெருப்பால் எரிந்ததுபோலக் காட்டத்தான் அது. அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் வெடிக்கும் குண்டை அவன் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விக்கும் அங்கே பதில் உண்டு: குண்டு இருந்த சக்கர நாற்காலியின் உள்ளே, அவன் பார்வை ஊடுருவாத ஈயம் பூசியிருந்தது. இரண்டும் சில நொடிகளில் சொல்லிவிடக்கூடிய தகவல்கள். அவற்றை வெட்டியதில் வில்லன் லூதரின் திட்டமே கண்ணுக்குத் தெரியாமல் போனது.

ஒட்டுப்போட்டுப் பார்த்தல்

கண்டுபிடித்த ஒவ்வொரு அறுப்புக்கும், எதைச் சேர்த்தால் சரியாகும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு வசனமோ அரை நிமிடக் காட்சியோ போதும் என்றால் அது எடிட்டிங் மேசையில் பட்ட காயம். மூன்று நான்கு இடங்களில் புதிய காட்சி தேவை என்றால் திரைக்கதையிலேயே முடிச்சு விழவில்லை. எதைச் சேர்த்தாலும் நிற்கவில்லை என்றால் ஹீரோவுக்கு என்ன வேண்டும் என்பதே முடிவாகாமல் படம் தொடங்கியிருக்கிறது. வெட்டப்பட்ட அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த மூன்றாம் வகை தேறாது. பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேனிலேயே நீண்ட பதிப்பு லூதரின் சதியைத் தெளிவாக்கியது. இருவருடைய அம்மாவுக்கும் ஒரே பெயர் என்று தெரிந்ததும் பேட்மேன் பகையை விடும் திருப்பம் இரண்டு பதிப்பிலும் அதே அவசரத்தோடுதான் இருக்கிறது.

வேண்டுமென்றே மறைத்து வைத்த மர்மத்தைக் குழப்பம் என்று எழுதிவிடாமல் இருக்க ஒரு சோதனை: பார்வையாளருக்குத் தெரியாவிட்டாலும் அந்தக் கதாபாத்திரத்துக்குத் தெரியுமா? தெரிந்தவன்போல அவன் கடைசிவரை நடந்துகொண்டால் அது மர்மம். அவனுடைய நடத்தையே காட்சிக்குக் காட்சி மாறினால் குழப்பம்.

எழுதும்போது பத்து ஓட்டைகளை அடுக்காமல் பெரிய மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம், என்ன அறுந்தது, திரையில் தெரியும் சான்று, அதனால் பின்னால் எந்தக் காட்சி வலுவிழந்தது, எவ்வளவு சேர்த்தால் சரியாகும் என்ற ஐந்தும் வரட்டும். ஸ்டுடியோ தலையீடு, இயக்குநர் சண்டை என்று வரும் வதந்திகளை, சம்பந்தப்பட்டவரே பேசியிருந்தால் ஒழிய, சேர்க்காதீர்கள். படத்தில் நன்றாக இணைந்த நீல வரிசை ஒன்றாவது இருக்கும். அதையும் நேரத்தோடு குறிப்பிடுங்கள், அந்தக் காட்சிகளை எழுதியவர்களுக்கும் வெட்டியவர்களுக்கும் அந்த மரியாதை சேர வேண்டும்.